கரப்பானுக்கு ஒரு நோபல்

கோபன்ஹேகனில் யோஹன்னஸ் ஃபிபிகர் என்று ஒரு நோய்க்குறியியல் பேராசிரியர். 1907-இல் காசநோய் ஆராய்ச்சிக்காக வந்த எலிகளை அறுத்துக்கொண்டிருந்தபோது மூன்றின் வயிற்றில் கட்டியைப் பார்த்தார். கட்டிக்குள் புழு. அன்றோடு காசநோய் காற்றில் போனது. புற்றுநோயைக் கிளப்பிவிடுவது இந்தப் புழுதான் என்று மனுஷன் முடிவுகட்டிவிட்டார்.

முடிவு கையில் இருக்கிறது, ஆதாரம்தான் பாக்கி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை அறுத்துப் பார்த்தார். புழு அகப்படவே இல்லை. இந்த வகைப் புழுக்கள் எலிக்குள் போகும் முன் கரப்பானுக்குள் ஒண்டுக்குடித்தனம் செய்யும் என்று பழைய ஆராய்ச்சி ஒன்று சொன்னது. கரப்பான் மலிந்த இடம் எது? ஊரிலிருந்த சர்க்கரை ஆலை. அங்கே கரப்பான்கள் சர்க்கரை தின்று கொழுத்தன, எலிகள் கரப்பானைத் தின்று கொழுத்தன. பிடித்துவந்த 61 எலிகளில் 40-க்குப் புழு இருந்தது. பேராசிரியருக்கு வாயெல்லாம் பல்.

பிறகு ஆய்வகத்தில் தினமும் பந்திதான். புழு வைத்த கரப்பான், கூடவே வெள்ளை ரொட்டி, குடிக்கத் தண்ணீர். எலிகளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. 1913-இல் கட்டுரையும் வந்தது. நினைத்தபோது புற்றுநோயை வரவழைக்கிறாராமே என்று ஐரோப்பா வாய் பிளந்தது.

அதே சமயம் டோக்கியோவில் யமகிவா கட்சுசாபுரோ என்ற பேராசிரியரும், இச்சிகாவா கோயிச்சி என்ற உதவியாளரும் முயல்களின் காதில் தார் பூசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம், மாதக்கணக்கில். தாரை ஏற்கெனவே முயன்ற சிலர் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். இவர்கள் விடவில்லை. முதலில் மரு, மரு பெருத்துக் கட்டி, கடைசியில் அசல் புற்று. புற்றுநோய் ஒரே நாளில் குதித்து வருவதில்லை, படிப்படியாக ஏறி வருகிறது என்பதைக் கண்ணெதிரே காட்டிவிட்டது அந்தக் காது. ஆண்டு 1915.

1926-க்கான நோபலுக்கு ஃபிபிகர், யமகிவா இருவர் பெயரும் போயின. பகிர்ந்து கொடுக்கலாம் என்ற பேச்சும் நடந்தது. கடைசியில் ஃபிபிகருக்கு மட்டும் கொடுத்தார்கள். அசல் புற்றைக் காட்டியவருக்குக் கைதட்டல்கூட இல்லை.

புழுக்கதைக்கு என்ன ஆயிற்று? பின்னால் வந்தவர்கள் கிளறிப் பார்த்ததில் குற்றவாளி ரொட்டி என்று தெரிந்தது. வைட்டமின் ஏ இல்லாத சாப்பாட்டால் எலியின் இரைப்பை உட்சுவர் தடித்துப் புடைத்திருக்கிறது, புழு அதைக் கொஞ்சம் சொறிந்துவிட்டிருக்கிறது. புற்றுநோயே இல்லை. ஃபிபிகரைத் திட்டவும் மனம் வரவில்லை. வைட்டமின் ஏ அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டதே அந்த 1913-இல்தான். இத்தனைக்கும் டிப்தீரியா மருந்தைச் சோதிக்க, ஒருநாள் வந்த நோயாளிகளுக்கு ஊசி, மறுநாள் வந்தவர்களுக்கு இல்லை என்று பிரித்து, 1898-லேயே உலகுக்கு ஒழுங்கு கற்றுக்கொடுத்தவர் அவர். எலியின் தட்டைச் சந்தேகிக்க மட்டும் தோன்றவில்லை. விஷயம் வெளுக்கும்வரை இருக்கவுமில்லை. பரிசு வாங்கிய சூட்டோடு 1928 ஜனவரியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நோபல் குழு அதன்பிறகு புற்றுநோய்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அடுத்த பரிசு 1966-இல், பேட்டன் ரௌஸுக்கு. கோழியின் கட்டியை அரைத்து, செல் ஒன்றும் புகாதபடி வடிகட்டி, அந்தச் சாற்றால் இன்னொரு கோழிக்குப் புற்றை வரவழைத்தவர். கண்டுபிடித்தது 1911-இல். பரிசு வாங்க மேடையேறியபோது அவருக்கு வயது 87.