கொல்லைக் கோழி அடைப்பில் நீரும் நாற்றமும்: ஒரு மூக்கியல் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தமிழில் கோழியைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. உறையூருக்குக் கோழி என்று பெயர் வந்த கதையை ஆராய்ந்தோர் உளர். அங்கே ஒரு சேவல் யானையையே எதிர்த்து வென்றதாம். முருகன் கொடியில் சேவல் ஏறிய வரலாற்றை விரித்தோரும் உளர். சோழநாட்டுப் பெண்கள், முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்ன வந்த கோழியைக் காதுக் குழையைக் கழற்றி எறிந்து விரட்டியதைப் பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பதிந்திருக்கிறார். அறிஞர்கள் இதில் சோழநாட்டின் செல்வ வளத்தைக் கண்டார்கள். குழையை வீசும் அளவுக்கு ஆத்திரமூட்டியது கோழி தின்ற தானியமா, முற்றத்தில் அது விட்டுச் சென்ற பிறிதொன்றா என்ற வினாவை மட்டும் எவரும் எழுப்பவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை எழுந்தது.

கோழி அடைப்பு என்பது ஈண்டு, கொல்லையில் நாலு கால் நட்டு, வலை கட்டி, பகலில் கோழிகளைத் திறந்துவிடும் இடம் என்க. இரவில் அடையும் கூடும் பஞ்சாரமும் தனி ஆய்வுக்குரியன. நாமக்கல் பண்ணைகளும் நம் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அங்கே வல்லுநர்கள் இருக்கிறார்கள், கொல்லையில் நாம் மட்டுமே இருக்கிறோம்.

2. முந்தைய கோட்பாடுகள்

இத்துறையில் மூன்று மரபுகள் உள. முதலாவது பிறவிக்குற்ற மரபு. கோழி என்றால் நாறத்தான் செய்யும் என்பது இதன் சாரம். இதன் தலைமையிடம் பெரும்பாலும் பக்கத்து வீடு. இரண்டாவது பினாயில் மரபு. ஈரத்தால் வந்த நாற்றத்தைப் போக்க இன்னும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றுவது இம்மரபின் தனிச்சிறப்பு. மூன்றாவது சுண்ணாம்பு மரபு. சுண்ணாம்பு ஈரத்தை இழுக்கும் என்பது மெய்யே. ஆனால் அதன் காரத்தன்மை, எச்சத்தில் கட்டுண்டு கிடக்கும் அமோனியாவையும் காற்றில் கிளப்பிவிடும். தூவிய சற்று நேரத்தில் நெடி கண்ணைக் கரிக்க, தூவியவர் ‘மருந்து வேலை செய்கிறது’ என்று மகிழ்கிறார்.

3. எம் கருதுகோள்

குற்றவாளி கோழியன்று, நீர்.

கோழிக்குச் சிறுநீர் கழிக்கத் தனி வழி கிடையாது. எச்சத்தின்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது யூரிக் அமிலம். காய்ந்து கிடக்கும்வரை அது பரம சாது. ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அமோனியா ஆக்குகின்றன. புதிய எச்சத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீரே என்பதால், கோழி குற்றத்துக்கான தடயத்தையும் குற்றவாளியையும் ஒரே பொட்டலத்தில் தருகிறது எனலாம்.

நாற்றம் இருவகைப்படும். கண்ணைக் கரிப்பது அமோனியா. எச்சம் மிகுந்து, தரையில் பரப்பிய கூளம் போதாமையைக் காட்டுவது. அழுகிய முட்டை போலவோ சாக்கடை போலவோ வீசுவது, தண்ணீர் தேங்கிக் காற்றுப் புகாத சேற்றைக் காட்டுவது. முன்னதற்குக் கூளம் சேர்க்க வேண்டும். பின்னதற்கு மண்வெட்டி வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர் மூக்கியலில் தேர்ச்சி பெறார்.

அமோனியா காற்றில் 10 லட்சத்துக்கு 25 பங்கைத் தாண்டினால் கோழியின் கண்ணும் மூச்சுக்குழலும் கெடத் தொடங்கும். ஆய்வாளரின் மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, கோழியின் மூக்கோ ஓரடிக்கு உட்பட்டது. ஆகவே நின்றுகொண்டு முகர்ந்த முடிவுகள் செல்லா, குனிந்து முகர்க.

4. நீர் புகும் நான்கு வாயில்கள்

மேல்வாயில்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர அடித் தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 93 லிட்டர். அதை அடைப்புக்குள் வழியும்படி கூரையைச் சாய்த்துவிட்டு, கோழியைக் குறை கூறுவோர் பலர். சாய்வு வெளிப்புறம் இருக்கட்டும். இறவாரம் வலையைத் தாண்டி நீளட்டும்.

பக்கவாயில்: தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் புதிய தாரைப் போட்டுப் போட்டுச் சாலை ஆண்டுதோறும் வளர்கிறது, வீடோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனவே தெருத் தண்ணீர் நம்மைத் தேடி வரும். அடைப்பின் தரையை அரையடி முதல் ஓரடி வரை உயர்த்தி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டுவதே தீர்வு.

கீழ்வாயில்: செம்மண் நீரை உறிஞ்சி இறக்கிவிடும். காவிரிப் படுகையின் களிமண் அதை மார்கழி வரை மடியில் வைத்திருக்கும். அங்கே அடியில் செங்கல் உடைசல், அதன்மேல் பருமணல், அதன்மேல் உமியோ மரத்தூளோ கடலைத் தோலோ பரப்புக. தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். கூரைக்கடியில் நன்று, திறந்தவெளியில் தீது.

உள்வாயில்: தின்னும் தீவனத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு எடைத் தண்ணீரைக் கோழி குடிக்கிறது, கோடையில் இன்னும் கூடும். குடிப்பதில் தவறில்லை, சிந்துவதில்தான் தவறு. தண்ணீர்த் தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்குமாறு செங்கல்மேல் வைத்தால் சிந்துவது குறையும்.

5. ஆய்வு முறை

கருவி: ஆய்வாளரின் உள்ளங்கை. ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்குக. கொழுக்கட்டையாக நின்றால் ஈரம் மிகுதி. தூசியாகப் பறந்தால் வறட்சி மிகுதி. லேசாகச் சேர்ந்து உடனே உதிர்ந்தால் ஈரம் 25 விழுக்காட்டை ஒட்டியிருக்கிறது என்க. ஈரக் கூளத்தைக் கிளறிவிடாமல் விட்டால் அது அப்பளக்கட்டியாக இறுகும். இரத்தக் கழிச்சல் நோயின் கிருமிமுட்டைகள் அங்கே ஓரிரு நாளில் தொற்றும் பருவத்தை எட்டிவிடும்.

கிளறும் பணிக்கு ஆள் தேட வேண்டாம். கூளத்தின்மேல் ஒரு பிடி கம்பை இறைத்தால் கோழிகளே நாள் முழுதும் கிளறும். ஆய்வு உதவியாளர்களுக்கு இதைவிடக் குறைந்த உதவித்தொகை உலகில் எங்கும் இல்லை. நாம் செய்ய வேண்டியது வாரம் ஒருமுறை தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள கட்டிகளை அள்ளி எருக்குழியில் சேர்ப்பது. வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரக் கணக்கு அதன் குலத்தை அறுக்கும். அள்ளிய எருவைப் பச்சையாகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும். மக்கிய பின்னரே இடுக.

6. மதிப்பீடு

ஒரு நாற்றத்தை ஓயாது முகரும் மூக்கு அதை உணர மறந்துவிடும். ஆதலால் ‘எங்கள் கோழி நாறவே நாறாது’ என்று வளர்ப்பவர் தரும் சாட்சியம் ஏற்கத்தக்கதன்று. இத்துறையின் ஒரே நடுநிலை மதிப்பீட்டாளர் சுவருக்கு அப்பால் இருக்கும் அக்காதான். அவர் வீட்டுக் கொல்லைப்புற ஜன்னல் திறந்திருந்தால் ஆய்வு ஏற்கப்பட்டது. சாத்தியிருந்தால் திருத்தங்களுடன் மீண்டும் சமர்ப்பிக்க. அவருக்கு வாரம் நாலு முட்டை கொடுப்பது ஆய்வு நெறிக்குப் புறம்பா என்பது விவாதத்துக்குரியது, இடைக்காலத்தில் கொடுத்துவருக.

7. முடிபு

கோழி நாறுவதில்லை. நனைந்த கோழி அடைப்பே நாறும், அதை நனைய விட்டவர் மனிதர். ஆகவே கோழி வளர்ப்போர் ஐப்பசி அடைமழைக்கு முன்னர், புரட்டாசியிலேயே, பினாயில் வாங்கும் காசில் இரண்டு மூட்டை உமி வாங்கி வைத்து, வாய்க்காலையும் வெட்டி முடிக்குமாறு இவ்வாய்வு பணிவுடன் பரிந்துரைக்கிறது.