‘காத்தோ’ என்னும் சொல்லின் ஏறுமுகம்: ஓர் ஆய்வு

ஸ்பானிய மொழி கற்க வருவோருக்கு ‘காத்தோ’ என்றால் பூனை என்று முதலிலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள். பொய்யன்று. ஆனால் பூனை அச்சொல்லின் திண்ணையில் படுத்திருக்கும் பொருள் மட்டுமே. உள்ளே ஜாக்கி, மாட்ரிட்வாசி, பணப்பை, நடனம் என்று பலர் ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறார்கள். இவர்களை எண் போட்டுப் பிரித்துவைப்பது அகராதியின் தொழில். சேர்த்துவைப்பது ஆய்வாளர் கடமை. எல்லாக் காத்தோவுக்கும் வேர்ப்பொருள் ‘ஏறுதல்’ என்பதே நம் கருதுகோள்.

பூனை மதிலேறும். இதற்கும் சான்று கேட்பவர் வீட்டில் மதில் இல்லை என்று கொள்க. டயர் பஞ்சரானால் காரைத் தூக்கும் ஜாக்கியும் காத்தோதான். பூனை ஏறும், ஜாக்கி ஏற்றும். தன்வினை, பிறவினை என்பதைத் தவிர வேறுபாடில்லை.

மாட்ரிட்வாசிகளும் காத்தோக்களே. 11ஆம் நூற்றாண்டில் ஆறாம் அல்போன்சோவின் படை, முஸ்லிம்கள் வசமிருந்த மாட்ரிட்டைப் பிடிக்க வந்தபோது, வீரன் ஒருவன் கோட்டைச் சுவரில் கத்தியைச் செருகிச் செருகி ஏறினானாம். பார்த்தவர்கள் ‘பூனை’ என்றார்களாம். செவிவழிக் கதைதான். ஆனால் கருதுகோளுக்கு இவ்வளவு ஒத்துழைக்கும் கதையைச் சந்தேகிப்பது நன்றிகெட்ட செயல். கறாரானவர்களோ, அங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் அவ்வூரிலேயே பிறந்திருந்தால்தான் காத்தோ என்பார்கள். இங்கே ஒரு சிக்கல். பூனைகளையே பாத்திரங்களாக்கி ‘லா காத்தோமாக்கியா’ என்ற கேலிக் காவியத்தை 1634இல் வெளியிட்ட லோப்பே தெ வேகா மாட்ரிட்டில் பிறந்தவர். பெற்றோரோ வடக்கே கந்தாப்ரியா மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். ஆகவே பூனைக் காவியம் பாடியவர் பூனையல்லர்.

பழைய ஸ்பானியத்தில் பணப்பையும் காத்தோ; பணம் வந்தவன் ஏறுவதை யார் மறுப்பார்? அர்ஜென்டினாவில் அது ஒரு ஜோடி நடனம். தரையைத் தட்டுமுன் கால் மேலே ஏறித்தானே ஆகவேண்டும். மெக்சிகோவில் தொலைபேசியில் இரு கோட்டின் குறுக்கே இரு கோடு போட்ட விசைக்கும், அதே கட்டத்தில் வட்டமும் பெருக்கலும் இட்டு ஆடும் ஆட்டத்துக்கும் இதே பெயர். அக்குறியைச் சற்றே தலைசாய்த்துப் பார்த்தால் ஏணி. முயல்கறி என்று சொல்லிப் பூனைக்கறி பரிமாறுவதை ‘முயலுக்குப் பதில் காத்தோ கொடுத்தல்’ என்பர். பூனை இங்கே தட்டிலேயே ஏறிவிடுகிறது. ‘நாலு காத்தோ’ என்றால் மட்டும் கூட்டம் சேரவில்லை என்று பொருள். எதுவும் ஏறாத இத்தொடரை ஆய்வெல்லைக்கு வெளியே வைத்திருக்கிறோம்.

இதெல்லாம் வலிந்து பொருத்துவது என்று சிலர் முணுமுணுக்கலாம். அப்படி இல்லாத வம்பைத் தேடிப் பிடிப்பவரை ஸ்பானியர் ‘பூனைக்கு மூன்று கால் தேடுபவர்’ என்பார்கள். நாலு கால் பிராணியிடம் மூன்றைக் கண்டுபிடிப்பதில் என்ன சிரமம் என்று புரியவில்லை. 1611இல் வந்த கோவர்ரூபியாஸின் அகராதி ஐந்து கால் என்கிறது, அது நியாயம். அதற்கு ஆறாண்டு முன்பே வந்த ‘தோன் கிஹோத்தே’யிலோ மூன்றுதான். நடுவே இரண்டு கால்கள் எங்கிருந்து ஏறிவந்தன என்பது, நல்கை கிடைத்தால், அடுத்த கட்டுரையில் ஆராயப்படும்.