தூங்க விட்ட காலம்

1979இல் நான் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியபோது, ராசிபுரம் பக்கத்திலிருந்த எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. எங்கள் வீட்டிலும் சிம்னி விளக்குதான். ரேஷனில் வாங்கிய மண்ணெண்ணெயை மாதக் கடைசி வரை இழுக்க வேண்டுமென்பதால், சோறு தின்று முடித்ததும் அம்மா திரியை இறக்கிவிடுவார். "கண்ணு கெட்டுப் போயிரும், வெடிஞ்சு படிச்சுக்கலாம் படு" என்பார். எட்டரை மணிக்கு வாசலில் கயிற்றுக் கட்டிலில் விழுந்தால், பால் கறக்கும் சத்தம் கேட்டு ஐந்து மணிக்கு முழிப்பு வரும். பரீட்சை என்பதற்காக இதில் எதுவும் மாறவில்லை.

இப்போது என் மகள்வழிப் பேத்திக்குப் பதினாறு வயது. விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். விடுதியில் காலை நாலரைக்கு மணி அடிப்பார்கள். ஐந்து மணிக்கு முதல் ஸ்டடி. பிறகு வகுப்பு, மாலைத் தேர்வு, இரவு ஸ்டடி. பத்தே முக்காலுக்கு நோட்டை மூடிவிட்டு, துணி துவைத்து, முகம் கழுவிப் படுக்கும்போது பதினொன்றரை ஆகிவிடும். ஐந்து மணி நேரத் தூக்கம். லீவுக்கு வரும்போதெல்லாம் பகல் பதினொரு மணி வரை அடித்துப் போட்டதுபோல் தூங்குவாள். "சோம்பேறியாகிட்டா" என்று அவள் அப்பா சலித்துக்கொள்வார். அது சோம்பலல்ல. வாரக்கணக்கில் பிடுங்கப்பட்ட தூக்கத்தை அந்த உடம்பு திரும்பக் கேட்டது.

நான் சிம்னி விளக்கில் படித்த அதே ஆண்டுகளில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்காக ஒரு கோடைத் தூக்க முகாம் நடந்துகொண்டிருந்தது. 1976இல் தொடங்கிய அந்த முகாமுக்கு அதே பிள்ளைகளை ஆண்டுதோறும் வரவழைத்து, இரவு பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கவிட்டு, மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். வயது கூடக்கூடத் தூக்கத்தின் தேவை குறையும் என்பதுதான் எல்லாருடைய எதிர்பார்ப்பும். மேரி கார்ஸ்கடன் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் கண்டது வேறு. சிறுவர்களும் சரி, பருவ வயதுப் பிள்ளைகளும் சரி, ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் தூங்கினார்கள். அப்படித் தூங்கியும், பகலில் பெரிய பிள்ளைகளுக்கே அதிகமாகத் தூக்கம் வந்தது.

அந்த வயதில் தலைக்குள் நடக்கும் வேலை அப்படி. குழந்தைப் பருவத்தில் அடர்ந்து பெருகிய நரம்பிணைப்புகளில் வேண்டாதவற்றை மூளை பருவ வயதில் கழிக்கிறது, வேண்டியவற்றை உறுதியாக்குகிறது. யோசித்து முடிவெடுக்கவும், பொங்கிவரும் உணர்ச்சியை அடக்கிப் பிடிக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி முழுதாய் முதிர ஏறக்குறைய இருபத்தைந்து வயது ஆகிவிடுகிறது. பகலில் படித்தது நினைவில் தங்குவதற்கும் தூக்கம் வேண்டும். இதோடு, தூக்கம் வரச் செய்யும் மெலடோனின் அந்த வயதில் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்குச் சாய்ந்த பிள்ளை பதினாறு வயதில் பதினொரு மணி வரை விழித்திருப்பதில் திமிர் எதுவுமில்லை. அந்தப் பிள்ளையை நாலரைக்கு எழுப்புவதுதான் உடம்புக்கு எதிரான காரியம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்றது. கலிபோர்னியா மாநிலம் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது.

எங்கள் பக்கம் முட்டைக் கோழிப் பண்ணைகள் அதிகம். முட்டை கூடுதலாக விழ வேண்டுமென்று கொட்டகையில் சாயங்காலமும் விடியற்காலையும் விளக்குப் போடுவார்கள். பதினாறு மணி நேரம் வெளிச்சம். மீதி எட்டு மணி நேரம் இருட்டு விட்டே ஆக வேண்டும் என்பது எந்தப் பண்ணைக்காரருக்கும் தெரியும். அந்த எட்டு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

எங்கள் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் ஒன்பதாம் வகுப்பில் பேச்சைக் குறைத்தாள், பிறகு சாப்பாட்டைக் குறைத்தாள். காத்துக் கருப்பு பிடித்திருக்கிறது என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், உடுக்கை அடித்தார்கள். அடுத்த தையில் கல்யாணம் செய்து அனுப்பிவிட்டார்கள். அவள் மனதுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. மனநோய்களில் பாதி, பதினாலு வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன என்று பின்னாளில் படித்தபோது அவள் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. இருட்டு எங்களுக்குத் தூக்கத்தைக் கொடுத்தது. அவளுக்கு வேண்டியிருந்த மருத்துவரைக் கொடுக்க அப்போது ஊரில் யாருமில்லை.

பேத்தி விஷயத்தில் அப்படி விட முடியுமா? போன பொங்கல் லீவில் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "படிச்சதெல்லாம் மறந்து போகுது அமுச்சி. சும்மா சும்மா அழுகை வருது. எதுக்குன்னே தெரியல" என்றாள். மகளும் நானும் அவளை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்த உளவியலாளர் மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை மணிக்குப் படுக்கறே, எத்தனை மணிக்கு எந்திரிக்கறே கண்ணு?" என்பதுதான். பிறகு எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளோடு வெகுநேரம் பேசினார். கிளம்பும்போது, ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் கூப்பிட 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அவள் நோட்டில் எழுதிக் கொடுத்தார். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

பள்ளியில் போய்க் கேட்டேன். "இன்னும் ஒரு மணி நேரம் ஸ்டடி வையுங்கன்னுதானுங்க பெத்தவங்க எல்லாரும் கேக்கறாங்க" என்றார் விடுதிப் பொறுப்பாளர். அவர் பொய் சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்தில் என் காதாலேயே அதைக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் பள்ளியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு என்னால் ஓய முடியவில்லை.

விடுதியிலிருந்து அவளை வீட்டுக்கு அழைத்துக்கொள்வோம், வேனில் போய் வரட்டும் என்று மகள் முடிவெடுத்தாள். இரவு ஒன்பதரைக்கு வீட்டிலுள்ள எல்லார் போனும் கூடத்து அலமாரிக்குப் போய்விட வேண்டும் என்பதும் அப்போதே முடிவானது. மருமகனுக்கு மனம் ஆறவில்லை.

"மார்க் கொறைஞ்சு போச்சுன்னா என்னங்க அத்தை பண்றது?"

"தூங்குனா கொறையாதுங்க மாப்பிள்ளை. அப்படியே கொறைஞ்சாலும் அந்த மார்க்குக்கு எந்தக் காலேஜ் கெடைக்குதோ அதுல சேத்துக்கலாமுங்க. புள்ள நல்லா இருக்கோணும்."

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் விடுதிக்குப் போய் அவளுடைய பெட்டியை எடுத்து வந்தவர் அவர்தான்.