உயர்விலை பர்கரில் மேல்மண் விகிதம்: நெய்வேலி நோக்கில் ஓர் ஆய்வு

பர்கரின் விலையை ஆராய்ந்தவர்கள் எல்லோரும் இறைச்சியோடு நின்றுவிட்டார்கள். 2013-இல் லண்டனில் மார்க் போஸ்ட் என்ற டச்சு விஞ்ஞானி ஆய்வகத்தில் வளர்த்த மாட்டுத்தசையில் செய்த ஒரு பர்கரை அறிமுகப்படுத்தினார். செலவு சுமார் 2,50,000 யூரோ. தின்று பார்த்தவர்கள் கொழுப்பு போதவில்லை என்றார்கள். மேலே மூடியிருந்த ரொட்டியின் கனம் என்ன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நெய்வேலிக்காரர் எவரும் அந்த மேசையில் இல்லாததே காரணம்.

எங்களுக்கு மேலே மூடியிருப்பதை அளப்பது பிறவிப் பழக்கம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கறுப்பாக ஏதோ வந்ததிலிருந்து, 1956-இல் நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டு, இன்றுவரை இங்கே கணக்கு ஒன்றுதான்: ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு எவ்வளவு மேல்மண் அள்ள வேண்டும்? ஐந்து கன மீட்டருக்கு மேல். கரியைவிட மண்ணுக்குத்தான் இயந்திரம் அதிகம் உழைக்கிறது.

டவுன்ஷிப்பின் எந்த வட்டத்திலும் ஸ்டேக் கிடைக்காது. பக்கத்து வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு சைவச் சோற்றுக்காகவே இன்னும் எரிகிறது. ஆகவே களப்பணி சென்னையிலுள்ள ஒரு ஸ்டேக் ஹவுஸுக்கு நகர்ந்தது. சென்னையில் வேலை பார்க்கும் தம்பி மகன்தான் புரவலர். பர்கரின் விலை 950 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

“மீடியமா, வெல்டனா சார்?” என்றார் பரிமாறுபவர். புவியியல் ரீதியாகச் சரியான கேள்வி. ஆந்த்ரசைட் என்பது முழுக்க வெந்த நிலக்கரி. எங்களுடையது பாதி வேக்காடு, அதனால்தான் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். ஊர்ப்பற்றினால் மீடியம் சொன்னேன்.

வந்தது. உச்சியில் எள் தூவிய பன், அடுத்து வெங்காயம், லெட்யூஸ், தக்காளி, சீஸ். எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு ஒரு மூங்கில் குச்சி. துளையிட்டு மாதிரி எடுக்கும் வசதி போலும். பாக்கெட் ஸ்கேலை எடுத்தேன். பன் முதல் சீஸ் வரை 6 செ.மீ., இறைச்சி 2 செ.மீ. விகிதம் 3:1.

“பெரியப்பா, எல்லாரும் பாக்குறாங்க. கையில புடிச்சுக் கடிங்க.”

கடித்தேன். எங்கள் சுரங்கத்தில் கரிக்கு அடியிலுள்ள நிலத்தடி நீர் மேல்நோக்கி அழுத்தும். இரவு பகலாகப் பம்ப் ஓடாவிட்டால் சுரங்கமே மூழ்கிவிடும். இந்த உணவகத்தில் அந்த ஏற்பாடு இல்லை. சாறு அடிப் பன்னை ஊறவைத்து, மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கியது. டிஷ்யூ பேப்பர் போதவில்லை. சுவையைப் பற்றிச் சொல்வதானால், இறைச்சி அபாரம். ஆய்வாளன் என்ற முறையில் இதைப் பதிவு செய்யத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

முரண்பாடு ஒன்று உண்டு. சுரங்கத்தில் மேல்மண் செலவுக் கணக்கில் வரும். ஸ்டேக் ஹவுஸில் அதுவே வரவுக் கணக்கு. கேரமலைஸ் செய்த வெங்காயம் கூடுதலாக வேண்டுமென்றால் 90 ரூபாய் என்று மெனுவிலேயே போட்டிருந்தார்கள். மண்ணுக்கு விலை சொல்லத் தெரிந்திருந்தால் நெய்வேலி இந்நேரம் எங்கேயோ போயிருக்கும்.

ஒப்பீட்டுக்காக, ஊர் திரும்பியதும் மெயின் பஜார் பக்கம் தள்ளுவண்டியில் சிக்கன் கொத்துப் பரோட்டாவை ஆய்வுக்கு உட்படுத்தினேன். மேல்மண்ணும் கரியும் ஒன்றாக வெட்டுப்பட்டுக் கிடந்ததால் ஸ்கேலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. விகிதம் கேட்டதற்கு மாஸ்டர் கரண்டியை நிறுத்தாமல், “முட்டை சேத்துப் போடவா சார்?” என்றார்.