விதைநெல்லை விற்காதீர்கள்

இந்த வாரத் தபால் முழுக்க ஐஸ் ஹாக்கி. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை டிரேட் செய்து தூக்கி நிறுத்த ஆளுக்கொரு திட்டம் தீட்டி அனுப்பியிருக்கிறீர்கள். நயாகராவுக்கு இந்தப் பக்கம் டொராண்டோ, அந்தப் பக்கம் பஃபலோ. நடுவில் குடியிருப்பவர்களுக்கு வேறென்ன எழுதத் தோன்றும்!

கே: நொடிந்த அணியை மீட்க முதலில் யாரை விற்பது? – பிராம்ப்டன்

ப: யார் பெயரைச் சொன்னால் அடுத்த அணி மேலாளருக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறதோ, அவரை. நமக்கு வேண்டாதவர் ஊருக்கும் வேண்டாதவர்தான். கிழட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்க் கறவை மாட்டு விலை கேட்டால் சந்தையில் தரகன்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

கே: 36 வயது கோல்கீப்பரைக் கொடுத்து இரண்டு முதல் சுற்று பிக் வாங்கலாமா மாமா? – மார்க்கம்

ப: வாங்கலாம். அந்தப் பக்கம் போனை எடுப்பவர் உன் மைத்துனராக இருந்தால்.

கே: எப்போது பார்த்தாலும் வீட்டுக்காரர் 'முதல் சுற்று பிக்' என்கிறார். அது என்ன? – ஒரு வாசகி, ஏஜாக்ஸ்

ப: புதிதாக வரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை 32 அணிகளும் ஏழு சுற்றில் பங்கு போட்டுக்கொள்ளும் திருநாள், டிராஃப்ட். தோற்ற அணிக்குப் பந்தியில் முன்வரிசை. முதல் சுற்றில் நம் முறைதான் அந்த பிக். விவசாயக் குடும்பமாக இருந்தால் ஒரே சொல் போதும்: விதைநெல்.

கே: விதைநெல்லை விற்றுத் தின்ற அணி உண்டா?

ப: டொராண்டோ. அதுவும் இரண்டு முறை.

1989-இல் டாம் கர்வர்ஸ் என்ற தடுப்பாட்டக்காரருக்காக 1991 முதல் சுற்றை நியூ ஜெர்சிக்குக் கொடுத்தது. நியூ ஜெர்சி அதில் மூன்றாவதாக எடுத்த பையன் ஸ்காட் நீடர்மயர். பிறகு நாலு முறை லீகின் சாம்பியன் பரிசான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்.

2009-இல் ஃபில் கெசலுக்காக இரண்டு முதல் சுற்றும் ஓர் இரண்டாம் சுற்றும் பாஸ்டனுக்குப் போயின. அதில் ஒன்று டைலர் செகின். 2011-இல் பாஸ்டன் கோப்பை வென்றபோது செகின் அந்த அணியில் இருந்தார். கெசல் அருமையான ஆட்டக்காரர், குறை அவரிடம் இல்லை. அரிசிப் பானை காலியாக இருக்கும்போது பட்டுப்புடவை எடுத்ததுதான் குறை. டொராண்டோ கடைசியாகக் கோப்பையைத் தொட்டது 1967.

கே: நான் பஃபலோ ரசிகன். எங்களைப் பற்றி இரண்டு வார்த்தை? – ஃபோர்ட் ஈரி

ப: 2011-12 தொடங்கி 2024-25 வரை 14 சீசன் பிளேஆஃப் வாசலை மிதிக்காத அணி. என்.ஹெச்.எல். லீகின் வரலாற்றில் வேறு யாரும் இவ்வளவு காலம் வெளியே நின்றதில்லை. இலவு காத்த கிளிகூட ஒரே ஒரு பருவம்தான் காத்தது. அத்தனை வருடமும் டிக்கெட் வாங்கிய உங்களைக் கண்டால் எழுந்து நிற்பேன்.

கே: நாங்கள் செய்த தப்புதான் என்ன? நட்சத்திரங்களை விற்று இளைஞர்களைச் சேர்த்தோமே! – அதே வாசகர்

ப: 2018 ஜூலையில் ரயன் ஓ'ரெய்லியை செயின்ட் லூயிஸுக்கு விற்றீர்கள். 2019-இல் அவர் கோப்பை வென்றார். பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதும் அவருக்கே. 2021 ஜூலையில் சாம் ரைன்ஹார்ட் ஃப்ளோரிடாவுக்கு. 2024 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் வெற்றி கோல் அவருடையது. 2021 நவம்பரில் ஜாக் ஐக்கல் வேகாஸுக்கு. 2023-இல் கோப்பை.

மூன்று பேர், மூன்று ஊர், மூன்றிலும் கோப்பை. ஆளைப் பொறுக்குவதில் பஃபலோவின் கண் பழுதில்லை. நின்றுகொண்டிருந்த தூணைக் கழற்றி விற்று, அந்தக் காசில் செங்கல் வாங்கிக்கொண்டே இருந்தது.

கே: ஓ'ரெய்லிக்கு மாற்றாக வந்த டேஜ் தாம்சன் 47 கோல் போட்டாரே! அது லாபமில்லையா? – மிசிசாகா

ப: லாபமேதான். ஆனால் 47 கோல் வந்தது 2022-23-இல். விற்றது 2018. நடுவில் அவரை விங்கிலிருந்து சென்டருக்கு மாற்றிப் பார்க்கப் பயிற்சியாளர் டான் கிரனாட்டோவுக்குத் தோன்றியது, கன்று மரமானது. டிரேடுக்குக் கணக்கு எழுதும்போது பக்கத்தில் காலண்டரையும் மாட்டி வையுங்கள்.

கே: ஐக்கலையாவது பிடித்து வைத்திருக்கலாம் அல்லவா?

ப: அங்கே காசு பிரச்சினை இல்லை, கழுத்து. கழுத்தெலும்பு நடுவே செயற்கை வட்டு வைக்கும் அறுவை வேண்டும் என்றார் அவர். எலும்புகளை இணைக்கும் பழைய முறைதான் சரி என்றது அணி. மாதக்கணக்கில் இழுபறி. வேகாஸ் அவர் கேட்டதற்குத் தலையாட்டியது. 2023 பிளேஆஃபில் 26 புள்ளி எடுத்து எல்லோருக்கும் மேலே நின்றார். ஆட்டக்காரனின் கழுத்து ஆட்டக்காரனுடையது என்பது என் கட்சி.

பதிலுக்கு வந்தவர்களில் அலெக்ஸ் டக், சின்ன வயதிலேயே பஃபலோ ரசிகர். அவரைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கே: எல்லோரையும் விற்றுவிட்டு வேண்டுமென்றே கடைசி இடத்துக்குப் போனால்? முதல் பிக் நமக்குத்தானே! – ஸ்கார்பரோ

ப: 2015 மார்ச் 26, பஃபலோ அரங்கம். அடிமட்டத்தில் போட்டி போட்ட இன்னொரு அணி அரிசோனா. கூடுதல் நேரத்தில் அரிசோனா கோல் போட்டது. தன் வீட்டில், தன் அணி தோற்றதற்குப் பஃபலோ ரசிகர்கள் ஆரவாரம் செய்தார்கள். அந்த வருட டிராஃப்டின் தலைப்பிள்ளை கானர் மெக்டேவிட் வேண்டுமே!

கடைசி இடம் கிடைத்தது. முதல் பிக் யாருக்கு என்று தீர்மானிக்கும் லாட்டரியில் 20 சதவீத வாய்ப்பும் கிடைத்தது. 11.5 சதவீதம் வைத்திருந்த எட்மண்டன் மெக்டேவிட்டைத் தூக்கிக்கொண்டு போனது. இன்றைய விதிப்படி கடைசி அணி முதல் பிக் பெற வாய்ப்பு 25.5 சதவீதம். நாலில் ஒரு பங்குக்காகப் பிள்ளைகளுக்குத் தோற்கச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்தப் பாடத்தை மறக்கவைக்கப் பல வருடம் ஆகும்.

கே: ஜனவரியில் எங்கள் அணி கடைசி இடம். கடையைக் கட்டிவிடலாமா?

ப: 2019 ஜனவரி 3 காலை லீகிலேயே கடைசியில் இருந்தது செயின்ட் லூயிஸ். ஜூனில் கோப்பை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது.

கே: குறையே பேசுகிறீர்கள். நன்றாகச் செய்த ஒரு அணியைக் காட்டுங்கள், கற்றுக்கொள்கிறோம். – ஒட்டாவா

ப: உங்கள் ஊரின் செலவிலேயே காட்டுகிறேன்.

2016-17 கொலராடோ. 82 ஆட்டத்தில் 22 வெற்றி, 48 புள்ளி. லாட்டரியும் காலை வாரியது, முதல் பிக் போய் நாலாவது பிக். நட்சத்திரம் மாட் டுஷேன் வேறு ஊர் போகத் தயார். விற்றுத் தொலை என்று ஊரே கத்தியது. மேலாளர் ஜோ சாகிக் விற்கவில்லை. சீசன் போனது, கோடை போனது, அடுத்த சீசன் தொடங்கியும் ஆயிற்று. கேட்ட விலை வரவில்லை, மனிதர் அசையவில்லை.

2017 நவம்பர் 5, புரூக்ளினில் ஆட்டம். முதல் இருபது நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. பெஞ்சில் முழுக் கவசத்தோடு தன் முறைக்குக் காத்திருந்த டுஷேனை உள்ளே கூட்டிப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. ஆட்டம் முடிவதற்குள் அவர் வேறு அணிக்காரர்.

மூன்று ஊர் சேர்ந்த டிரேட். டுஷேன் ஒட்டாவாவுக்கு, ஒட்டாவாவின் கைல் டரிஸ் நாஷ்வில்லுக்கு. ஒரே ஆளைக் கொடுத்த கொலராடோவுக்கு நாலு ஆட்டக்காரர், மூன்று பிக்.

ருசியே இனிமேல்தான். 2018 பிக் முதல் பத்துக்குள் வந்தால் ஒட்டாவா அதை வைத்துக்கொண்டு அடுத்த வருடத்து பிக்கைக் கொடுக்கலாம் என்று ஒரு நிபந்தனை. வந்தது. வைத்துக்கொண்டு பிரேடி கச்சக்கை எடுத்தார்கள், அதில் தப்பே சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வருடம் ஒட்டாவா லீகிலேயே கடைசி. நாலாவதாக விழுந்த அந்த பிக்கில் கொலராடோ எடுத்தது போவன் பைரம் என்ற தடுப்பாட்டக்காரரை. டுஷேனோ அதற்குள் ஒட்டாவாவைவிட்டும் போயாயிற்று.

2017-இல் லாட்டரி கைவிட்டதே என்று கொலராடோ அழுததல்லவா? அந்த நாலாவது பிக்தான் கேல் மக்கார். 2022-இல் கொலராடோ கோப்பை வென்றபோது கான் ஸ்மைத் அவருக்கு. பைரமும் பக்கத்திலேயே நின்றார். பதறாத காரியம் சிதறாது.

கே: சம்பள உச்சவரம்பு இருக்கும்போது இஷ்டத்துக்கு டிரேட் செய்ய முடியுமா? – வாட்டர்லூ

ப: 2005-06-இல் வந்தபோது அணிக்கு 39 மில்லியன் டாலர், 2025-26-இல் 95.5 மில்லியன். அடுத்தவனுக்கு அந்தச் சட்டை இறுக்கும் நேரம்தான் ஏழை அணிக்கு முகூர்த்த நேரம்.

2022 ஆகஸ்டில் கால்கரிக்கு நாசெம் கட்ரியைச் சேர்க்க இடம் வேண்டியிருந்தது. காயத்தில் வாடிய ஷான் மோனஹனை எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு முதல் சுற்று பிக்கும் தருகிறோம் என்றது. மான்ட்ரியல் எடுத்துக்கொண்டது. மோனஹன் தேறினார். 2024 பிப்ரவரியில் அவரை வின்னிபெகுக்குக் கொடுத்து இன்னொரு முதல் சுற்று வாங்கியது. வாங்கக் கூலி, விற்க விலை! இதைச் செய்தவர்களுக்கு நான் மாலை போடுவேன்.

கே: ஆடவே ஆடாத ஒருவரை டிரேட் செய்ய முடியுமா மாமா?

ப: கிறிஸ் ப்ராங்கர் கடைசியாக ஆடியது 2011. 2015-இல் அவருடைய ஒப்பந்தம் மட்டும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து அரிசோனாவுக்குப் போனது. அப்போது அவர் லீக் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதே வருடம் ஹாக்கி புகழ் மண்டபத்திலும் சேர்த்தார்கள். ஆள் ஒரு இடம், ஏடு வேறு இடம்.

கே: விற்ற ஆளுக்குப் பாதிச் சம்பளம் நாமே கொடுப்பது மானக்கேடு இல்லையா?

ப: பழைய வண்டியை விற்கும்போது நாலு டயரையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தால் விலை ஏறுமா, ஏறாதா? பாதிவரை நாம் சுமக்க லீக் அனுமதிக்கிறது. நொடிந்த அணிக்கு உச்சவரம்பில் காலி இடம் கிடக்கும். அதையும் சரக்காக்கி விற்பவனே மேலாளன்.

கே: வரலாற்றில் மிகப் பெரிய 'விற்றுக் கட்டிய' டிரேட்?

ப: 1992 ஜூன், எரிக் லிண்ட்ராஸ். கியூபெக்குக்கு ஆட மாட்டேன் என்று ஒரு வருடம் அடம்பிடித்தவர். அவருக்காக ஃபிலடெல்ஃபியா ஆறு ஆட்டக்காரர், இரண்டு முதல் சுற்று, 15 மில்லியன் டாலர் கொடுத்தது. ஆறில் ஒருவர் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க். ஒரு பிக்கில் வந்தவர் ஜோஸ்லின் திபோ என்ற கோல்கீப்பர். அந்தத் திபோவைச் சேர்த்துக் கொடுத்து 1995 டிசம்பரில் கோல்கீப்பர் பாட்ரிக் ருவாவை வாங்கினார்கள். கியூபெக் அணி அதற்குள் கொலராடோவுக்குக் குடிபோயிருந்தது. 1996-இல் கோப்பை. கியூபெக் ரசிகன் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தான். அவனை நினைத்தால் இன்றும் மனசு பிசைகிறது.

கே: மலிவான நல்ல டிரேட்?

ப: கிறிஸ் ட்ரேப்பர். 1993-இல் வின்னிபெக் அவரை டெட்ராய்ட்டுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தது. நாலு கோப்பை வென்றார். கோப்பைக்குக் கால் டாலர்.

கே: விற்கப்போகிறோம் என்று ரசிகர்களிடம் முன்கூட்டியே சொல்லலாமா?

ப: சொல்லத்தான் வேண்டும். 2018 பிப்ரவரியில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் நிர்வாகம் ரசிகர்களுக்குக் கடிதமே எழுதியது: நீங்கள் நேசிக்கும் சில முகங்கள் இங்கே இருக்காமல் போகலாம் என்று. டிக்கெட் காசு வாங்குபவன் அந்த மரியாதையாவது தர வேண்டும்.

கே: அணியை உங்கள் கையில் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? – பீட்டர்பரோ

ப: சீசன் முடிவில் ஒப்பந்தம் தீரும் மூத்தவர்களை டிரேட் டெட்லைனுக்கு முன்பே விற்பேன். இரண்டு வாரம் முன்னால் போன் செய்பவனுக்குக் கிடைக்கும் விலை, கடைசி நிமிடத்தில் கெஞ்சுபவனுக்குக் கிடைக்காது. என் முதல் சுற்று பிக்கைத் தொட யாரையும் விடமாட்டேன்.

25 வயதுக்குள் நடு ஐஸை ஆளும் சென்டர் ஒருவன் இருந்தால் அவன் பெயரைச் சொல்லி வரும் போனையே எடுக்க மாட்டேன். விலை போகாத ஒரு கிழவனை உடைமாற்றும் அறையில் வைத்துக்கொள்வேன். 18 வயதுப் பையன் ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்ற இரவில், பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேட் கயிறு அவிழ்த்தபடி பேசுவதற்கு ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு டிராஃப்டில் ஆள் எடுக்க முடியாது.

கே: மகளுக்கு ஏழு வயது. பஃபலோ ஜெர்சி கேட்கிறாள். முதுகில் யார் பெயர் போடுவது? – செயின்ட் கேதரின்ஸ்

ப: பஃபலோ அரங்கில் எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர். ஜெர்சியில் ஐக்கல் பெயருக்கு மேல் வெள்ளை டேப், டேப்பின் மேல் பேனாவால் டக். அவர் துள்ளி எழுந்து கத்தும்போதெல்லாம் டேப்பின் ஓரம் உரியும், அடியில் பழைய எழுத்து ஒன்று தலைகாட்டும். பக்கத்தில் இருந்த பேத்தி ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டாள், கண்ணை ஐஸைவிட்டு எடுக்காமலே.

உங்கள் மகள் பெயரையே போடுங்கள். அவளை யாரும் டிரேட் செய்ய முடியாது.