ஏரிக்கு மேல் எதற்கு இத்தனை உயரம்?

2020இல் வெளியான மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் விமான ஆட்டத்தில் மெல்பர்ன் புறநகர் ஒன்றில் 212 மாடிக் கட்டடம் முளைத்தது. ஆட்டம் தரவு எடுத்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய நிலப்படத்தில் ஒருவர் 2 என்பதற்கு 212 என்று தட்டியிருந்தார். மென்பொருள் மறுபேச்சில்லாமல் கட்டிக் கொடுத்துவிட்டது. அனுமதி, வரைபடம், கையூட்டு எதுவும் கேட்கவில்லை. பக்கிங்ஹாம் அரண்மனையோ அதே ஆட்டத்தில் ஏதோ அலுவலகக் கட்டடமாக நின்றது.

ஆட்டத்தின் உலகம் மேலிருந்து எடுத்த படங்களை வைத்து எழுந்தது. அந்தப் படத்தில் உயரம் தெரியாது, ஊகிக்கத்தான் வேண்டும். ஊகம் பிசகினால் பாலம் தண்ணீரோடு தண்ணீராகப் படுத்துவிடும், அல்லது அடியில் சுவர் எழும்பி ஆற்றை மறித்துவிடும். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தையும் இதே கண் பார்த்து, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி என்று முடிவுகட்டினால் என்ன ஆவது? எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம், தேக்கா சந்தை கூப்பிடு தூரம். அம்மனைப் பற்றி யாரும் கவலைப்படுவதற்குள் வீடு கேட்டு விண்ணப்பங்கள் குவிந்துவிடும்.

நிஜ சிங்கப்பூர் மட்டும் என்ன ஒழுங்காம்? 1981இல் திறந்த பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தைக் கப்பல்கள் அடியில் போகட்டும் என்று உயரமாகத் தூக்கிக் கட்டினார்கள். 2008இல் மரினா அணைக்கட்டு வந்து கடல்வாயை அடைத்தது. உப்புநீர் போய் நன்னீர்த் தேக்கமாயிற்று. இப்போது அடியில் போவது சுற்றுலாப் படகும் டிராகன் படகும்தான். திரையில் இப்படி ஒரு பாலம் தெரிந்தால் ஏரிக்கு மேல் எதற்கு இத்தனை உயரம் என்று உடனே புகார் போகும். தரையில் இருப்பதால் கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலை என்று சொல்லித் தினமும் ஏறி இறங்குகிறோம்.