ஸ்டெப்னி மேல் ஏன் கோபம்?

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் வயதான பந்துவீச்சாளர்களை 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒப்பந்தம் செய்து வைத்துக்கொள்கிறார்களாமே? அந்த இடத்தை ஓர் இளைஞருக்குக் கொடுத்தால் என்ன?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: தருமபுரிக்காரர் கேட்கலாமா இதை? தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிக்காரர் யாராவது ஸ்டெப்னி இல்லாமல் கிளம்புவாரா? அதுவும் பெரும்பாலும் தேய்ந்த டயர்தானே!

அமெரிக்கா எதற்கு? நம்ம கிரிக்கெட்டில் அஸ்வினையே பாருங்கள். 2023 உலகக் கோப்பைக்கு முதலில் அறிவித்த அணியில் அவர் இல்லை. அக்சர் படேலுக்குக் காயம். கடைசி நேரத்தில் அழைப்பு. 37 வயதில், சேப்பாக்கத்தில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 10 ஓவர், 34 ரன், ஒரு விக்கெட். இந்தியாவுக்கு வெற்றி. அடுத்த 10 ஆட்டங்களிலும் அவருக்கு பெஞ்ச்தான்!

இளைஞருக்கும் வழி இருக்கிறது. உங்கள் பக்கத்து சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன், 2020 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் தேர்வானது வலைப்பயிற்சியில் பந்து போடத்தான். வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம். டி20 அணியில் இடம் கிடைத்தது. பிறகு ஒவ்வொருவராக விழ விழ, டிசம்பர் 2-ல் ஒருநாள், 4-ல் டி20, ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட். 44 நாளில் மூன்று அறிமுகம்!

பந்து போடுகிறவரின் தோளும் முழங்கையும் லாரி டயர் மாதிரி. எப்போது வெடிக்கும் என்று எந்த ஜோசியருக்கும் தெரியாது. ஸ்டெப்னி சும்மா தொங்குகிறதா? வண்டி நன்றாக ஓடுகிறது என்று சந்தோஷப்படுங்கள்.